ஒரே பாக்ஸில் ஹீட்டரும் அயர்னும்: தாங்குமா? நீங்களே கணக்கு போடலாம்

வாடகை அறை, சுவரில் ஒரே பிளக் பாயின்ட். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பாக்ஸில் வெந்நீர் ராடு, அயர்ன் பாக்ஸ், போன் சார்ஜர். தாங்குமா?

ராடு 1,500 வாட், வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் கரன்ட்: சுமார் 6.5 ஆம்பியர். பாக்ஸைத் திருப்பிப் பாருங்க. 6 ஆம்பியர் என்று போட்டிருந்தால், ராடு ஒன்றே அதைத் தாண்டிடுச்சு. 1,000 வாட் அயர்னும் சேர்ந்தால் 10.9. சார்ஜரெல்லாம் கொசுறு.

வோல்ட்டைக் கரன்ட்டால் வகுத்தால் மின்தடை. ராடுக்கு சுமார் 35 ஓம். இது நமக்கு வேண்டிய தடை, சூடு தண்ணீருக்குப் போகுது. வில்லன், சுவரில் லூஸாக உட்கார்ந்திருக்கும் பாக்ஸின் பிளக். அங்கே அரை ஓம் தடை இருக்குன்னு வைங்க. கரன்ட்டை அதே கரன்ட்டால் பெருக்கி, தடையாலும் பெருக்கினால் அங்கே உருவாகும் சூடு வரும். ராடு மட்டும் ஓடினால் 21 வாட். அயர்னும் சேர்ந்தால் 59! 25 வாட் சால்டரிங் அயர்னே ஈயத்தை உருக்கிடும். பிளக் வெறும் பிளாஸ்டிக்.

எம்சிபி விழுந்து காப்பாத்தாதா? அது 16 ஆம்பியர் என்றால் விழாது. 10.9 அதுக்கு சாதாரணம்.

ராடுக்குத் தனியா 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுத் தரச் சொல்லி ஓனரிடம் கேளுங்க. அதுவரை 1,000 வாட் ராடு, அதுவும் அயர்ன் ஓடாத நேரத்தில். 4.3 ஆம்பியர்தான் இழுக்கும். தண்ணீர் சுட கொஞ்சம் லேட்டாகும்.