கட்டிய கட்டணமும் கைவிடும் இடமும்

மே, ஜூன் மாதங்களில் அந்தமான் தீவுகளில் கல்விக்கடன் கேட்டு வருவோரில், பிள்ளையைச் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்ப விரும்பும் தமிழ்ப் பெற்றோர் பலர். ஆகஸ்டில் வேறொரு சாரார் வருகின்றனர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் முன்பே தனியார் கல்லூரியில் பணம் கட்டி இடம் பிடித்தவர்கள் இவர்கள். விடுதி, உணவு, ஆண்டுக்கு இருமுறை பயணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே கணக்கு இடிக்கிறது. விலகினால் கட்டிய பணம் போய்விடுமே என்று அஞ்சி, தாங்க முடியாத படிப்பிலேயே பிள்ளையைத் தொடரச் செய்ய எண்ணுகின்றனர்.

அந்த அச்சத்திற்குப் பெரும்பாலும் அவசியமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, விலகும் நாளைப் பொறுத்துத் திரும்பக் கிடைக்கும் தொகையை வரையறுத்தது. கட்டணம் 1,20,000 ரூபாய், சேர்க்கையின் கடைசி நாள் ஜூலை 31 என்று கொள்வோம். ஜூலை 10 அன்று விலகினால் அதிகபட்சமாக 5,000 ரூபாய் மட்டுமே பிடிக்கலாம். ஜூலை 25 என்றால் 1,08,000 ரூபாய் திரும்ப வரும். ஆகஸ்டு 12 என்றால் 96,000. ஆகஸ்டு 25 என்றால் 60,000. செப்டம்பர் 5 அன்று விலகுபவருக்கு ஒன்றுமில்லை. காப்புத்தொகை தனிக் கணக்கு. அது முழுமையாகத் திரும்ப வேண்டும். எழுத்துமூல விண்ணப்பம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்றும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்றும் அதே அறிவிக்கை கூறுகிறது. குழு சில ஆண்டுகளில் இன்னும் தாராளமாக நடந்துகொண்டுள்ளது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் தர உத்தரவிட்டது. எனவே அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும்.

கடன் வாங்கிக் கட்டியவர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. ஒப்புதல் மட்டும் பெற்று, பணம் விடுவிக்கப்படாதிருந்தால் வட்டி இல்லை. பணம் கல்லூரிக்குச் சென்றுவிட்டால், அது கடன் கணக்கிற்குத் திரும்பி வரும் நாள்வரை வட்டி ஓடும். திரும்பும் தொகை தந்தையின் சேமிப்புக் கணக்கில் விழுந்து வீட்டுச் செலவில் கரைவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். படிப்பும் இல்லை, கடனும் தீரவில்லை என்ற நிலை அது. ஆகவே விலகல் கடிதத்திலேயே கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, அதன் நகலை வங்கிக் கிளைக்குத் தருவது நல்லது.

விலகுமுன் வேறு வழி உண்டா என்றும் பார்க்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட தரமான நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையமோ ஜாமீனோ இன்றிக் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்திற்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் தவணை தொடங்கும் காலம்வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. சேர்ந்த கல்லூரி அப்பட்டியலில் இல்லையெனில், 1967இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா ஸ்ரீ விஜயபுரத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கும் சேர்க்கைக்குக் கடைசி நாள் உண்டு.

அமெரிக்காவில் 'எர்லி டிசிஷன்' என்றொரு முறை உள்ளது. இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று மாணவரும் பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் ஒப்பமிடுகின்றனர். அங்கும், கிடைக்கும் நிதியுதவி போதாதெனில் விடுவிக்கக் கோரலாம். நம் மாணவர்கள் அப்படி எதிலும் கையெழுத்திடுவதில்லை. இருந்தும் கட்டிய பணமே கட்டிப்போட்டுவிடுகிறது.

விலகல் கடிதத்தை நேரில் கொடுக்கக் கப்பலேறுவோர் இன்றும் உள்ளனர். சென்னைக்குச் சுமார் மூன்று நாள் பயணம். அதற்குள் 90 சதவீதம் 80 ஆகிவிடலாம். மின்னஞ்சலில் அன்றே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலைக் கேட்டு வாங்கிவிட்டால், சான்றிதழ்களைப் பெறப் பிறகு போய்க்கொள்ளலாம்.