நல்ல ஞாபக சக்தியும் ஏமாற்றலாம்!

தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் அந்தியோகியா மாநிலத்தில், சில குடும்பங்களில் ஒரு நோய் தலைமுறை தலைமுறையாக வருகிறது. நாற்பது வயதைத் தாண்டியதும், சற்று முன் சொன்னது மறந்து போகும். பிறகு வீட்டுக்கு வழி மறக்கும். கடைசியில் பெற்ற பிள்ளையைக்கூட அடையாளம் தெரியாது. ஊரார் இதற்கு இட்ட பெயர் "லா போபேரா". அசட்டுத்தனம் என்று பொருள்.

அது அசட்டுத்தனம் அல்ல, அல்சைமர் என்ற மறதி நோய். மெடலின் நகரைச் சேர்ந்த நரம்பியல் நிபுணர் டாக்டர் பிரான்சிஸ்கோ லொபேரா, 1980-களில் தொடங்கி 2024-ல் காலமாகும் வரை இக்குடும்பங்களை ஆராய்ந்தார். சுமார் 6 ஆயிரம் பேர் கொண்ட பெரிய வம்சம் அது!

பாதிக்குப் பாதி

14-வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் கோளாறே காரணம் என்று 1995-ல் தெரிய வந்தது. தாய் அல்லது தந்தையிடம் இது இருந்தால், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. சராசரியாக 44 வயதில் ஞாபகம் குறையத் தொடங்கும். 49 வயதில் நோய் முற்றத் தொடங்கும்.

இதில் மகன், மகள் என்ற பேதம் கிடையாது. ஆனால் பரிசோதனையில் பேதம் தெரிகிறது.

பத்துச் சொற்கள்

பத்துச் சொற்களைப் படிக்கச் செய்து, சிறிது நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வது ஒரு சோதனை. கோளாறான மரபணு இருந்தும் நோய் வெளிப்படாதவர்களை இப்படிச் சோதித்தபோது, ஆண்களைவிடப் பெண்கள் அதிகச் சொற்களை நினைவு கூர்ந்தார்கள்.

சொற்களை நினைவில் வைப்பதில் பொதுவாகவே பெண்கள் கெட்டிக்காரர்கள். அந்தத் திறமை, மூளைக்குள் நடக்கும் சேதத்தைச் சில காலம் தாங்கிக் கொள்கிறது என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

இது வரமா? ஓரளவுக்கு வரம்தான். ஆனால் ஆபத்தும் உண்டு. இருபாலருக்கும் ஒரே மதிப்பெண்ணை எல்லையாக வைத்தால், நோய் தொடங்கிவிட்ட பெண்ணும் சோதனையில் தேறிவிடுவாள். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். நோய் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

சகோதரரும் சகோதரியும்

பெண்ணுக்குத்தான் எப்போதும் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. அதே வம்சத்தில் ஒரு ஆண், 67 வயது வரை தெளிவாக இருந்தார். 'ரீலின்' என்ற மற்றொரு மரபணுவில் இருந்த அபூர்வ மாற்றம் அவரைக் காத்தது என்று 2023-ல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அவருடைய சகோதரிக்கும் அதே மாற்றம் இருந்தது. ஆனால் சகோதரருக்குக் கிடைத்த அளவு பாதுகாப்பு அவருக்குக் கிட்டவில்லை.

இந்த நோயைத் தடுக்க 'கிரெனிசுமாப்' என்ற மருந்தும் இவர்களிடம் சோதிக்கப்பட்டது. குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று 2022-ல் முடிவு வந்தது.

ஆகவே, நோயை முன்கூட்டியே அறிவது மிக முக்கியம். பெண்ணின் மதிப்பெண்ணைப் பெண்களின் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அதைவிட மேலாக, சென்ற ஆண்டு அவளே எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டும். நேற்றுவரை எதையும் மறக்காத தாய் இன்று தடுமாறினால், "வயதாகிவிட்டது" என்று வீட்டார் சும்மா இருந்துவிடக் கூடாது.