குறும்பேச்சும் கேள்விச் செல்வமும்

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்பவற்றின்பின் கேள்வி என்றோர் அதிகாரத்தை வகுத்து, அதன் பின்னரே அறிவுடைமையை வைத்தார். நூலாற் பெறும் அறிவைச் செவியாற் பெறும் அறிவு நிரப்புதல் வேண்டுமென்பது அவ்வைப்புமுறையாற் புலனாகும். புத்தாக்கம் பற்றிய குறும்பேச்சுக்கள் இன்று மாணவரிடையே பெற்றுள்ள செல்வாக்கை நோக்குமிடத்து இது நினைவுக்கு வருதல் இயல்பே.

இவற்றுட் பெரிதும் அறியப்பட்டவை 'டெட்' பேச்சுக்கள். தொழில்நுட்பம், கேளிக்கை, வடிவமைப்பு ஆகிய மூன்றையும் இணைத்து 1984இல் அமெரிக்காவிற் கூடிய மாநாட்டில் அவை தோன்றின. 2006 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பேச்சொன்று பொதுவாக 18 நிமிடத்துக்கு மேற்படுவதில்லை. காலம் குறுகவே, பேசுவோர் ஒரு கருத்தைத் தெரிந்துகொண்டு ஏனையவற்றை விலக்க வேண்டியவராகின்றனர். நம் மேடைகளில் வரவேற்புரையே அவ்வளவு நேரத்தை விழுங்கிவிடுவதும் உண்டு.

ஆயினும், கேட்டவுடன் எழும் ஊக்கம் மறுநாட் காலைவரை நிற்பது அரிது. அதனை நிலைபெறச் செய்தவர் மைக்கல் பரடே. இலண்டனில் நூல் கட்டும் தொழில் பயின்ற இவ்விளைஞருக்கு, 1812இல் வாடிக்கையாளர் ஒருவர் றோயல் இன்ஸ்ரிரியூசனில் ஹம்பிறி டேவி ஆற்றிய விரிவுரைகளுக்கு நுழைவுச்சீட்டு அளித்தார். அவை குறும்பேச்சுக்கள் அல்ல. எனினும் கேட்பவர் கடமை ஒன்றே. பரடே அவ்வரங்கினுள் வெறுமனே புகுந்தவரல்லர். கட்டுவதற்கு வந்த நூல்களில் மின்சாரம் பற்றி முன்னரே படித்து, சிறு கருவிகள் செய்து சோதித்துப் பார்த்தவர். பெப்ரவரி முதல் ஏப்பிரல் வரை கேட்ட நான்கு விரிவுரைகளையும் விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே ஆய்வுகூட உதவியாளரானார். மின்காந்தத் தூண்டலை அவர் கண்டறிந்தது 1831இல். இடையிற் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். அதே நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை மாலைப் பேச்சுக்களைத் தொடங்கி, பிறருக்கும் அவ்வாயிலைத் திறந்து வைத்தவரும் அவரே.

நான்கு விரிவுரைகளுக்கிடையே பரடேக்கு எழுதவும் எண்ணவும் நாட்கள் இருந்தன. ஒரே மாலையில் கைத்தொலைபேசியில் ஏழெட்டுப் பேச்சுக்களைக் கேட்டு முடிக்கும் மாணவனுக்கு அவ்விடைவெளி வாய்ப்பதில்லை. முதற்பேச்சின் வியப்பை இரண்டாவது அழித்துவிடுகின்றது.

கொழும்பு மாணவருக்கு நேரிற் கேட்கும் அரங்கும் தொலைவிலன்று. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலுள்ள தன் மண்டபத்திற் சொற்பொழிவுகளை நடத்தி வருகின்றது. அங்கே நூலகமும் உண்டு. கேட்டதில் ஐயமெழுந்தால், பேசியவரை அணுகி வினவலாம். நூலைத் தேடியும் தெளியலாம். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் மாணவனுக்கோ, கேட்டதை மூன்று வரியில் எழுதிக்கொள்ளப் பேருந்துப் பயணமே போதிய பொழுதைத் தரும்.