கட்டிப் போட்ட கைகளை அவிழ்த்த சட்டம்

அமெரிக்காவில் 1980-ம் ஆண்டுகளில் ஏதாவது ஒரு முதியோர் மருத்துவ விடுதிக்குப் போயிருந்தால், இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம்.

நீண்ட நடைகூடம். சுவர் ஓரமாக வரிசையாக நாற்காலிகள். அவற்றில் வயதான ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் சாவகாசமாக உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். கிட்டே போனால்தான் உண்மை தெரியும்.

அவர்கள் நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பார்கள்!

சிலருக்கு இடுப்பில் பட்டை. சிலருக்கு மார்பில் ஒரு துணிச்சட்டை. அதன் நாடாக்கள் நாற்காலியின் முதுகில் முடிச்சுப் போடப்பட்டிருக்கும். சிலருக்கு மணிக்கட்டில் கட்டு. இன்னும் சிலருக்குக் கட்டே கிடையாது. ஆனால் நாற்காலிக்கு முன்னால் ஒரு பலகை பூட்டப்பட்டிருக்கும். எழுந்திருக்க முடியாது.

இவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. இவர்களில் பெரும்பாலோர் மறதி நோய்க்காரர்கள்.

அந்தக் காலத்தில் விடுதிகளில் இருந்த முதியவர்களில் நூற்றுக்கு 40 பேர் வரை ஏதாவது ஒரு விதத்தில் கட்டப்பட்டிருந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறது.

கட்டியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நர்சுகள் நல்ல எண்ணத்தோடுதான் கட்டினார்கள். "எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார்; இடுப்பு எலும்பு முறிந்துவிடும்" என்று பயந்தார்கள். விழுந்தால் குடும்பத்தார் வழக்குப் போடுவார்கள் என்று விடுதிக்காரர்கள் பயந்தார்கள். பெற்ற பிள்ளைகளே, "அம்மாவைக் கட்டி வையுங்கள். அதுதான் பத்திரம்" என்று சொன்னதும் உண்டு.

இது என்ன நோய்?

வயதானால் மறதி வருவது சகஜம். இது அந்த மறதி அல்ல.

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சாதாரண மறதி. சாவி எதற்கு என்பதே மறந்து போவதுதான் இந்த நோய்.

1901-ம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்பர்ட் நகர மனநோய் ஆஸ்பத்திரிக்கு 51 வயதுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சொன்னதையும் செய்ததையும் உடனே மறந்தார். தன் பெயரைக் கூட முழுதாக எழுத முடியவில்லை. அவரைப் பரிசோதித்த டாக்டரின் பெயர் அலாய்ஸ் ஆல்சைமர். அந்தப் பெண் 1906-ல் இறந்தார். டாக்டர் அவருடைய மூளையை எடுத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. அதற்குள் வேண்டாத படிவுகளும், சிக்குப் பிடித்த நூல் போன்ற இழைகளும் இருந்தன.

மறதி நோய்களில் அதிகமாகக் காணப்படுவது இதுதான். டாக்டரின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய் முற்றினால் இரவும் பகலும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வீட்டில் முடியாமல் போகும்போது குடும்பங்கள் விடுதியைத் தேடுகின்றன.

சட்டம் வந்தது

விடுதிகளின் நிலைமை பற்றிப் புகார்கள் குவிந்தன. அமெரிக்க மருத்துவ நிறுவகம் ஒரு கமிட்டி அமைத்தது. கமிட்டி 1986-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தது. "விடுதிகளின் தரத்தை அரசாங்கம் கண்டிப்பாக உயர்த்த வேண்டும்" என்பது அதன் முடிவு.

மறு ஆண்டே சட்டம் நிறைவேறியது. 1987-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. இது தனிச் சட்டம் அல்ல. வரவு-செலவுத் திட்டத்துக்கான ஒரு பெரிய சட்டத்துக்குள் இது ஒரு பகுதி! கோடிக்கணக்கான டாலர் கணக்குகளுக்கு நடுவே, கிழவிகளின் கைக்கட்டை அவிழ்க்கும் விதியும் இருந்தது.

விதி இதுதான்: தண்டனைக்காகவோ, ஊழியர்களின் வசதிக்காகவோ ஒருவரைக் கட்டக் கூடாது. கயிற்றாலும் கூடாது, மருந்தாலும் கூடாது. நோய்க்குச் சிகிச்சை என்ற முறையில் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் கட்டலாம்.

அரசாங்கப் பணத்தை வாங்கும் விடுதிகள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட வேண்டும். அநேகமாக எல்லா மருத்துவ விடுதிகளும் அந்தப் பணத்தை நம்பித்தான் நடந்தன. ஆகவே யாரும் தப்ப முடியவில்லை.

பராமரிக்கும் உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி தரவேண்டும் என்றும் சட்டம் சொன்னது. அதற்கு முன்பு, நேற்றுச் சேர்ந்தவர் இன்றைக்கே ஒரு நோயாளியைக் குளிப்பாட்டலாம் என்ற நிலை பல இடங்களில் இருந்தது.

சோதனை போட அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். எந்த நாள் என்பது ரகசியம். அதை முன்கூட்டியே விடுதிக்குச் சொல்லிவிடும் ஆளுக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

அவிழ்த்தால் விழமாட்டார்களா?

"கட்டை அவிழ்த்தால் எல்லோரும் விழுந்து சாவார்கள்" என்று பலர் எதிர்த்தார்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் கெண்டல் என்ற அமைப்பு ஒரு முதியோர் குடியிருப்பு நடத்துகிறது. 1973-ல் தொடங்கிய நாளில் இருந்தே அங்கே யாரையும் கட்டுவதில்லை. "எங்களால் முடிகிறது, உங்களால் ஏன் முடியாது?" என்று அவர்கள் கேட்டார்கள். 1989-ம் ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனில், செனட் சபையின் முதியோர் கமிட்டியே இது பற்றி ஒரு கூட்டம் நடத்தியது. கூட்டத்தின் பெயர்: "முதியவர்களை அவிழ்த்து விடுங்கள்."

பிறகு கணக்கும் வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் டாக்டர் மேரி டினெட்டி என்ற பெண்மணியும் அவரது குழுவினரும் 12 விடுதிகளில் 397 முதியவர்களைக் கவனித்தார்கள். முடிவு 1992-ல் வெளியானது.

கட்டப்படாதவர்களில் நூற்றுக்கு 5 பேர் விழுந்து பலத்த காயம் அடைந்தார்கள்.

கட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 17 பேர்!

கட்டப்பட்டவர்கள் முதலிலேயே பலவீனமானவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வித்தியாசத்தையும் கழித்துப் பார்த்தார்கள். அப்படியும் கட்டு யாரையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

காரணம் எளிது. நாள் முழுதும் கட்டுண்டு கிடந்தால் கால்கள் சூம்பிப் போகும். முதுகில் படுக்கைப் புண் வரும். அவிழ்க்கும் நேரத்தில் நிற்கக் கூட முடியாது. கட்டில் இருந்து நழுவ முயன்று, அதே நாடாவில் கழுத்து இறுகி இறந்தவர்களும் உண்டு.

ஏன் எழுந்தார்?

அப்படியானால் கட்டுக்குப் பதில் என்ன செய்வது? இங்கேதான் பராமரிப்பு என்பது ஒரு கலையாக மாறியது.

முதல் விதி, "உட்காருங்கள்" என்று அதட்டக் கூடாது. எதற்காக எழுந்தார் என்று பார்க்க வேண்டும்.

மறதி நோய்க்காரருக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு தேவை இருக்கும். சிறுநீர் முட்டிக்கொண்டு வரலாம். பசிக்கலாம். பல் வலிக்கலாம். குளிரலாம். "வீட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்புகிறார் என்றால், இந்த இடம் பயமாக இருக்கிறது என்று பொருளாக இருக்கலாம்.

ஒரு முதியவர் தினமும் அதிகாலையில் எழுந்து தடுமாறுகிறாரா? அந்த நேரத்துக்குச் சற்று முன்பே போய்க் கழிப்பறைக்கு அழைத்துப் போனால் போதும். பாதித் தொல்லை தீரும்.

கட்டிலைத் தாழ்வாக வைத்தார்கள். படுக்கையில் இருந்தே கழிப்பறைக் கதவு கண்ணில் படும்படி அறைகளைக் கட்டினார்கள். நடக்க விரும்புகிறவர் நடக்கட்டும் என்று, சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதைகளைத் தோட்டத்தில் போட்டார்கள். அறைக் கதவில் எண்ணுக்குப் பதிலாக அவருடைய இளவயதுப் படத்தை மாட்டினார்கள். இன்றைய முகம் மறந்தவருக்கும், மணக்கோலத்தில் எடுத்த படம் நினைவிருக்கும்.

சாப்பாட்டுத் தட்டிலும் ஒரு சங்கதி உண்டு. வெள்ளைத் தட்டில் வெள்ளை உணவை வைத்தால் நோயாளிக்குக் கண்ணில் தெரிவதில்லை. பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பளிச்சென்ற சிவப்புத் தட்டும் சிவப்புத் தம்ளரும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் முற்றியவர்கள், நூற்றுக்கு 25 பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள். தண்ணீர், பால் முதலியவற்றை 84 பங்கு அதிகமாகக் குடித்தார்கள். 2004-ல் வந்த இந்த ஆராய்ச்சியில் இருந்தவர்கள் ஒன்பது பேர்தான். சிறிய கூட்டம். ஆனாலும் தட்டை மாற்ற எத்தனை பணம் வேண்டும்?

கட்டுவது வேகமாகக் குறைந்தது. 1991-ல் விடுதிகளில் நூற்றுக்கு 21 பேர் கட்டப்பட்டிருந்தார்கள். 2007-ல் அது நூற்றுக்கு 5-க்கும் கீழே இறங்கியது.

கயிறு போய் மாத்திரை வந்தது

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் உண்டு. அவற்றைக் கொடுத்தால் முதியவர் தூங்கி வழிவார். கத்தமாட்டார். எழுந்து நடக்கமாட்டார். வெளியில் இருந்து பார்த்தால் கட்டே தெரியாது.

2005-ம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா ஒரு எச்சரிக்கை விட்டது. மறதி நோயுள்ள முதியவர்கள் பற்றிய 17 சோதனைகளை அது சேர்த்துப் பார்த்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 26 பேர் இறந்தார்கள். இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 45 பேர் இறந்தார்கள். மருந்துப் பெட்டியின் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு இதை அச்சிட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

அதன் பிறகும் 2011-ம் ஆண்டுக் கடைசியில், நீண்ட காலம் விடுதியில் தங்கியிருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர் இந்த மருந்தைச் சாப்பிட்டு வந்தார்கள். 2012-ல் அரசாங்கம் இதைக் குறைக்க ஒரு இயக்கம் தொடங்கியது. ஒவ்வொரு விடுதியிலும் எத்தனை பேருக்கு இந்த மருந்து என்று, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டது. எண்ணிக்கை இறங்கியது.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு மருந்து தேவைதானே என்று விட்டுவிட்டார்கள். உடனே என்ன நடந்தது? 80 வயதுக்கு மேல் பலருக்குத் திடீரென்று மனச்சிதைவு நோய் வந்துவிட்டது, காகிதத்தில்! இளம் வயதில் தொடங்குகிற நோய் அது. 2023-ம் ஆண்டு முதல் அதிகாரிகள் நோயாளிகளின் குறிப்பேடுகளை வாங்கிச் சரிபார்க்கிறார்கள். பொய் என்று தெரிந்தால் விடுதியின் நட்சத்திர மதிப்பு குறைக்கப்படும்.

கதவு

கயிறும் மாத்திரையும் போனாலும் பூட்டிய கதவு இருக்கிறது. அதை அவ்வளவு எளிதில் திறந்துவிட முடியாது. வழி தெரியாமல் தெருவில் போய்க் குளிரில் விறைத்து இறந்தவர்கள் உண்டு. பூட்டியே வைத்தால் தீப்பிடிக்கும்போது எப்படி வெளியேறுவது? அதனால் சில இடங்களில் ஒரு தந்திரக் கதவு வைத்தார்கள். விடாமல் தள்ளினால் மணி அடிக்கும். 15 விநாடி கழித்துத் திறக்கும். அதற்குள் ஊழியர் ஓடி வந்துவிடுவார்.

நெதர்லாந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் உள்ள வேஸ்ப் ஊரில், வேறு விதமாக யோசித்தார்கள். அங்கே ஒரு விடுதியில் வேலை பார்த்தவர் இவோன் வான் அமரோங்கன் அம்மையார். என் தாய்க்கும் தந்தைக்கும் இப்படி ஒரு நோய் வந்தால் இந்த விடுதியில் விடுவேனா என்று நினைத்துப் பார்த்தார். மாட்டேன் என்று மனம் சொன்னது. சக ஊழியர்களோடு சேர்ந்து மாற்றத் தொடங்கினார். 2009-ல் ஹோகவைக் என்ற சிறு கிராமம் உருவானது.

தொடக்கத்தில் அங்கே 23 வீடுகள். வீட்டுக்கு ஆறேழு பேர். மளிகைக் கடை உண்டு. சாப்பாட்டுக் கடை உண்டு. நாடகக் கொட்டகை உண்டு. முதியவர்கள் தெருவில் தாராளமாக உலாவலாம். வீட்டிலேயே சமையல் நடக்கும். மணம் மூக்கைத் துளைக்கும். கிராமத்துக்கு ஒரே வாசல். அங்கே எப்போதும் ஆள் இருப்பார். கடைக்காரரும் மறதி நோய் பற்றிப் பயிற்சி பெற்றவர். பணம் கொடுக்க மறந்தால் கோபித்துக்கொள்ளமாட்டார்.

"இது நாடகம், ஏமாற்று" என்று குறை சொன்னவர்களும் இருக்கிறார்கள். கடையில் விற்கும் ரொட்டி நிஜ ரொட்டிதான் என்பது கிராமத்தாரின் பதில்.

எத்தனை ஆட்கள்?

அமெரிக்காவில் இன்னொரு வகை விடுதியும் பெருகிவிட்டது. "நினைவுப் பராமரிப்பு" என்று பலகை மாட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இவை 1987-ம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருவதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. தனிப் பிரிவு என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கின்றன என்று, 1992-லேயே அமெரிக்கக் காங்கிரசின் ஆய்வு அலுவலகம் சொன்னது. அன்று ஆறு மாநிலங்களில்தான் இதற்கென்று தனி விதிகள் இருந்தன. பிறகு பல மாநிலங்கள், "உங்கள் பிரிவில் என்ன விசேஷம்? எழுத்தில் கொடுங்கள்" என்று சட்டம் போட்டன.

அதைக் கையில் வாங்கிக்கொண்டு குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? அவர்களுக்கு என்ன பயிற்சி? தூக்க மருந்து கொடுப்பதற்கு முன் எங்களுக்குச் சொல்வீர்களா? அம்மா அழுதால் முதலில் என்ன செய்வீர்கள்?

இவற்றில் முதல் கேள்விதான் கடினமானது. கட்டாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு முதியவருக்கு நாள் ஒன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு கிடைக்கும் அளவுக்கு ஊழியர்கள் இருக்க வேண்டும் என்று, மருத்துவ விடுதிகளுக்கு 2024-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் விதி வகுத்தது. ஆள் கிடைக்கவில்லை, கட்டுப்படியாகாது என்று விடுதிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கோர்ட்டு அந்த விதியை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஒரு சட்டம், அந்த விதியை 2034 வரை அமல்படுத்தக் கூடாது என்று தள்ளி வைத்தது.