தம்பிக்கு அண்ணன் கொடுத்த பாட்டில்!

அமெரிக்கக் கல்லூரி 'சகோதர' சங்கங்களில் புதுப் பையன்களைச் சேர்ப்பது எப்படி?

2021 மார்ச் 4. வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள பௌலிங் கிரீன் ஊர்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு வீடு. உள்ளே மாணவர் கூட்டம். சங்கத்தில் சேர வந்த புதுப் பையன்களுக்கு அன்று 'அண்ணன்–தம்பி' இரவு.

புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனுக்கும் பழைய உறுப்பினர் ஒருவர் 'அண்ணன்'. சங்கத்தில் யார் யார், என்றைக்கு என்ன சடங்கு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிக்கொடுத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகவேண்டியவர் அவர்தான்.

அன்று தம்பிகளின் கைக்கு வந்தது முக்கால் லிட்டர் மது பாட்டில். காலி செய்யவேண்டும் என்பது 'சம்பிரதாயம்'!

20 வயது மாணவன் ஒருவன் ஏறக்குறைய முழு பாட்டிலையும் குடித்து முடித்தான். அவனை ரூமில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கூடத் தங்கியிருந்தவர்கள் பார்த்தபோது மூச்சுப் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் மார்ச் 7-ந் தேதி உயிர் போய்விட்டது. ரத்தத்தில் இருந்த மது, வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் அளவைப்போல் 4 மடங்குக்கு மேல்.

8 பேர் மீது வழக்குப் பாய்ந்தது. பல்கலைக்கழகம் அந்தச் சங்கத்தை நிரந்தரமாக விரட்டியது. 2023 ஜனவரியில் பையனின் குடும்பத்துக்கு 29 லட்சம் டாலர் கொடுக்கவும் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

கிரேக்க எழுத்து

அது என்ன சங்கம்?

'பிரட்டர்னிட்டி' என்பார்கள். சகோதரர் கூட்டம் என்று அர்த்தம். அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்குத் தனி மவுசு. ஆல்பா, பீட்டா, காப்பா என்று கிரேக்க எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைப்பார்கள். சேரத் துடிக்கும் புதுப் பையனுக்குப் பெயர் 'பிளெட்ஜ்'. வாக்குக் கொடுத்தவன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று, சேர்ந்து தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, ஆட்டம் பாட்டம் போடும் ரகம். பௌலிங் கிரீனில் நடந்தது அந்த ரகம். இன்னொன்று, நல்ல மார்க் வாங்கியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் கவுரவ சங்கம். 'ஹானர் சொசைட்டி' என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் கிரேக்கப் பெயர். இரண்டிலும் சடங்கு உண்டு. இரண்டிலும் புதியவரைக் கூட்டிப் போக ஒரு ஆள் உண்டு.

கூட்டிப் போகிற ஆளின் கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசமே!

ரகசியக் கைகுலுக்கல்

கவுரவ சங்கத்தின் கதை 1776-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி தொடங்குகிறது. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து 5 மாதம்தான் ஆகியிருந்தது. வில்லியம்ஸ்பர்க் ஊரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் 5 பேர் கூடி ஆரம்பித்தார்கள். பெயர் 'பை பீட்டா காப்பா'. ஒரு கிரேக்க வாசகத்தின் முதல் எழுத்துகள் அவை. 'ஞானத்தின் மேல் வைத்த அன்பே வாழ்க்கைக்கு வழிகாட்டி' என்பது அதன் கருத்து.

ஆரம்பத்தில் எல்லாமே ரகசியம். உறுதிமொழி ரகசியம், கைகுலுக்கும் விதம்கூட ரகசியம். பிறகு நாட்டில் ரகசியச் சங்கங்கள் என்றாலே ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 1831-ல் ஹார்வர்ட் கிளை ரகசியத்தைக் கைவிட்டது. கைகுலுக்கல் மட்டும் இன்னும் போகவில்லை. புது உறுப்பினர்களுக்கு இப்போதும் சொல்லித் தருகிறார்கள். யார் தலையில் பாட்டிலைக் கட்டாத வரைக்கும் கை எப்படிக் குலுக்கினால் என்ன?

பெண்கள் 1875-ல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகச் சேர்ந்தார்கள். இன்று சுமார் 290 கல்லூரிகளில் கிளை உண்டு. அமெரிக்க ஜனாதிபதிகளில் 17 பேர் உறுப்பினர்கள்.

இதற்கு விண்ணப்பம் கிடையாது. சிபாரிசுக் கடிதத்தோடு போய் வாசலில் நிற்கவும் முடியாது. கல்லூரியில் உள்ள உறுப்பினர்களான பேராசிரியர்கள் மார்க் பட்டியலைப் பார்த்து, என்னென்ன பாடம் படித்தார் என்று பார்த்து, அவர்களாகவே தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்புவார்கள்.

அரமும் உப்புத்தாளும்

பை பீட்டா காப்பா கலை, அறிவியல் மாணவர்களுக்கானது. என்ஜினீயரிங் மாணவனுக்குக் கதவு லேசில் திறக்காது.

பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹை பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சுரங்கத்துறைப் பேராசிரியராக இருந்தவர் எட்வர்ட் வில்லியம்ஸ். அவரே பை பீட்டா காப்பா உறுப்பினர்தான். 'என் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை?' என்ற குறை அவருக்கு. 1885-ல் என்ஜினீயர்களுக்கென்று தனியாக 'டாவ் பீட்டா பை' சங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

இதன் சின்னம் வேடிக்கையானது. ரயில் பாலத்தைத் தாங்கி நிற்கும் கால் சட்டத்தின் வடிவம். அந்தக் காலத்துப் பாக்கெட் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி செய்திருப்பார்கள். 'பென்ட்' என்று பெயர்.

3-ம் ஆண்டு மாணவர் என்றால் வகுப்பில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் வரவேண்டும். கடைசி ஆண்டு என்றால் முதல் ஐந்தில் ஒரு பங்கு. மார்க் மட்டும் போதாது, நடத்தையையும் பார்ப்பார்கள்.

கடிதம் வந்த பிறகு நடப்பதுதான் முக்கியம். கிளையில் இதற்கென்று ஒரு மாணவர் பொறுப்பில் இருப்பார். அவர் முதலில் ஒரு கூட்டம் போடுவார். சங்கம் என்ன, கட்டணம் எவ்வளவு, ஒரே தடவையா, வருஷா வருஷமா, எந்தத் தேதிக்குள் எதை முடிக்கவேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்வார். 'வேண்டாம்' என்று நினைப்பவர் எழுந்து போகலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

பிறகு கிளைக்குக் கிளை வழக்கம் மாறும். சில இடங்களில் சமூக சேவை. சில இடங்களில் பழைய உறுப்பினர்களோடு பேட்டி. சில இடங்களில் சங்கத்தின் சரித்திரத்தைப் பற்றி ஒரு பரீட்சை.

பல கல்லூரிகளில் வேர்வை சிந்தவைக்கும் வேலை ஒன்றும் உண்டு. வார்ப்படத்தில் இருந்து வந்தபடி சொரசொரப்பாக இருக்கும் ஒரு பென்ட்டைப் புதியவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, முகம் தெரிகிற அளவுக்கு மின்னவைத்துக் கொண்டுவரவேண்டும். பட்டறைப் பக்கம் போகாத என்ஜினீயர் பிள்ளைகள் விரல் நோக ராவுவார்கள். 'மூலையில் இன்னும் பிசிறு இருக்கிறது, போய் ராவிட்டு வா' என்று திருப்பி அனுப்புகிற அண்ணன்களும் அக்காக்களும் உண்டு. அதிகபட்சக் கொடுமை அவ்வளவுதான்!

அக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தச் சங்கம் பெண்களை லேசில் சேர்க்கவில்லை. 1936 முதல் கெட்டிக்காரப் பெண்களுக்கு ஒரு பேட்ஜ் மட்டும் கொடுத்து வெளியே நிறுத்திவைத்தது. முழு உறுப்பினராக ஆக்கியது 1969-ல்தான். பாலம் கட்டத் தெரிந்த கூட்டத்துக்கு அந்தப் பாலத்தைத் தாண்ட 33 வருஷம்.

போலிக் கடிதம்

கவுரவம் என்று ஒன்று இருந்தால் அதை விற்க ஒரு கூட்டம் கிளம்பாமல் இருக்குமா?

'வாழ்த்துகள்! நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்! 48 மணி நேரத்துக்குள் பணம் கட்டுங்கள்!' என்கிற ரீதியில் மாணவர்களுக்கு இ-மெயில் வருகிறது. எம்.எஸ். படிக்க இங்கிருந்து போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் உண்டு. ஊரை விட்டுப் போன பிள்ளைக்கு, தங்க எழுத்தில் தன் பெயரைப் பார்த்தால் கை தானாகக் கார்டை எடுக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்தக் கல்லூரியிலேயே கிளை இருக்கிறதா? பொறுப்புப் பேராசிரியர் யார்? டீன் ஆபீசில் விசாரித்தால் தெரிகிறதா? மார்க்கை யார் சரிபார்த்தார்கள்? 'வெள்ளி உறுப்பினர், தங்க உறுப்பினர்' என்று விலைக்கு விலை தராதரம் பிரிக்கிறார்களா? ஒழுங்கான சங்கங்களுக்கு 1925-ல் இருந்தே ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. எந்தெந்தச் சங்கம் விதிப்படி நடக்கிறது என்று பார்த்து உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது.

இதில் காசு மட்டும் போவதில்லை. அமெரிக்க மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரி போனால் சாதாரணமாக 5-ம் கிரேடு. அங்கீகாரம் உள்ள கவுரவ சங்கத்தின் உறுப்பினர் என்று காட்டினால் 7-ம் கிரேடு கேட்க அது ஒரு வழி. போலிச் சான்றிதழ் அங்கே செல்லாது.

82 நிமிடம்

லீஹையில் இருந்து அதே பென்சில்வேனியா மாநிலத்தின் நடுப்பகுதிக்குப் போனால் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். 2017 பிப்ரவரி 2-ந் தேதி அங்கே இன்னொரு 'சேர்க்கை இரவு'. பீட்டா தீட்டா பை என்ற சங்கத்தின் சொந்த வீடு. மது கூடாது என்று விதி உள்ள வீடு!

திமோதி பியாசா என்ஜினீயரிங் மாணவன். வயது 19. புதுப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொரு இடமாக ஓடவைத்து, ஒவ்வொரு இடத்திலும் குடிக்கவைத்தார்கள். 82 நிமிடத்தில் அவன் வாய்க்குள் போனது 18 தடவை என்று அரசுத்தரப்பு கணக்குச் சொன்னது.

இரவு 11 மணிவாக்கில் நிலவறைப் படிக்கட்டில் உருண்டு விழுந்தான். தூக்கிக்கொண்டுவந்து சோபாவில் போட்டார்கள். முகத்தில் எதையோ ஊற்றினார்கள். அறைந்து பார்த்தார்கள். புரளாமல் இருக்கப் புத்தகப் பையை முதுகில் கட்டினார்கள்.

உறுப்பினர் ஒருவன் மட்டும், 'ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்கள்' என்று சொல்லிப் பார்த்தான். அவனைச் சுவரோடு தள்ளினார்கள்.

போன் போனது மறுநாள் காலை 10.48-க்கு. விழுந்து ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகிவிட்டது. மண்டை உடைந்திருந்தது, மண்ணீரல் கிழிந்திருந்தது. பிப்ரவரி 4-ந் தேதி இறந்தான்.

எல்லாம் எப்படித் தெரிந்தது? வீட்டுக்குள் கேமரா இருந்தது. நிலவறைக் காட்சியை யாரோ அழித்தும் விட்டார்கள். எப்.பி.ஐ. அதை மீட்டெடுத்துவிட்டது.

வழக்கு 7 வருஷம் இழுத்தது. 2024 அக்டோபர் 1-ந் தேதி தண்டனை. 2 மாதம் முதல் 4 மாதம் வரை ஜெயில், பிறகு 3 வருஷக் கண்காணிப்பு. தண்டனை பெற்ற இருவரில் ஒருவர் சங்கத் தலைவர். இன்னொருவர் துணைத் தலைவர். அவர் வகித்த இன்னொரு பதவி, 'பிளெட்ஜ் மாஸ்டர்'. புதியவர்களைக் கூட்டிப் போகிற அதே வேலை.

'அவனாகத்தான் வந்தான்'

இதெல்லாம் இப்போது முளைத்ததும் இல்லை. 1978 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலம் ஆல்பிரட் பல்கலைக்கழகத்தில், புதியவர்கள் 3 பேரைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டி, மதுவைக் கையில் கொடுத்து, 'முடித்தால்தான் திறப்போம்' என்றார்கள். சக் என்று கூப்பிடப்பட்ட மாணவன் பிணமானான். அவன் தாய் ஐலீன் ஸ்டீவன்ஸ், 'உபயோகமில்லாத கல்லூரிச் சாவுகளை நிறுத்தும் கமிட்டி' என்று ஒன்றை ஆரம்பித்து ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கமிட்டி பெயரின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'சக்' என்று வரும்.

ஒவ்வொரு வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரே வாதம். 'யாரும் இழுத்துவரவில்லையே, அவனாகத்தானே வந்தான்?' நம் ராகிங் வழக்குகளில் இந்தப் பேச்சுக்கு அவ்வளவு இடம் கிடையாது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவன் கொலையானதும் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இங்கே பலியாகிறவன் படிக்கத்தான் போனான். அங்கே பலியாகிறவன் 'என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுப் போகிறான்.

பியாசா பெயராலேயே 2018 அக்டோபரில் பென்சில்வேனியா போட்ட சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. 'அவன் சம்மதித்தான்' என்று இனித் தப்ப முடியாது. உயிர் போனால் 7 வருஷம் வரை ஜெயில். சங்கத்தின் வீட்டையே கோர்ட்டு பறிமுதல் செய்யலாம். உதவிக்குப் போன் செய்து கூடவே இருந்தவருக்குப் பாதுகாப்பு. ஆனால் பியாசாவின் வழக்கில் அந்தச் சட்டம் செல்லவில்லை. சம்பவம் நடந்தது சட்டத்துக்கு முந்தி!

பட்டியல்

2024 டிசம்பரில் நாடு முழுவதுக்குமான சட்டம் வந்தது. ஜனாதிபதி பைடன் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரி வளாகக் குற்றங்களை வெளியே சொல்லவேண்டும் என்ற பழைய சட்டத்தோடு இதைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பழைய சட்டம் 1990-ல் வந்ததற்குக் காரணம், 1986-ல் ஹாஸ்டல் அறைக்குள் கொலையான ஜீன் கிளரி என்ற 19 வயது மாணவி. கொலை நடந்த இடம், பென்ட்டை ராவவைக்கும் சங்கம் பிறந்த அதே லீஹை.

புதுச் சட்டப்படி, எந்தச் சங்கம், என்ன செய்தது, எந்தத் தேதியில் நடந்தது, விசாரணை எப்போது முடிந்தது, என்ன தண்டனை என்று கல்லூரி தன் இணையதளத்தில் போடவேண்டும். வருஷத்துக்கு 2 தடவை புதுப்பிக்கவேண்டும். விளையாட்டு டீம், பேண்டு வாத்தியக் குழு, ஆட்டம் போடும் சங்கம், மார்க் பார்த்துச் சேர்க்கும் சங்கம் என்று கல்லூரி அங்கீகரித்த எல்லாமே இதில் அடக்கம்.

பட்டியலைப் பார்க்கக் காசு கிடையாது. அண்ணனிடம் கை நீட்டுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.