தாத்தாவோட அம்பாசடர்: ஓட்டினா வரி இல்ல, மூடி வெச்சா வரியா?

சென்னையில வேலை பார்க்கிற கலசப்பாக்கம் தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி இது. தாத்தா பட்டுச் சேலை வியாபாரி. அவர் வெச்சிருந்த 1972 மாடல் மார்க் 2 அம்பாசடர் இப்ப ஷெட்ல தார்ப்பாய் போட்டு நிக்குது. "எடுத்து ஓட்டலாமா சார், இல்ல பாலிஷ் போட்டு வெச்சு நல்ல விலைக்கு வித்துடலாமா?"

ஆசையை விடுங்க, முதல்ல வரியைப் பார்ப்போம். சொந்த உபயோகப் பொருளை வித்து வர்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. உடுத்துற துணி, வீட்டு மரச்சாமான், நாம ஓட்டுற கார் எல்லாம் இதுல அடக்கம். நகை, ஓவியம், சிற்பம் மாதிரி சிலதுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்ல.

அப்ப கார்னாலே வரி இல்லையா? இல்லைனு 2025-ல பம்பாய் உயர் நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. அந்த வழக்குல இருந்தவரும் நம்ம மாதிரி சம்பளக்காரர்தான். 1931 மாடல் ஃபோர்டு ஒண்ணை 1983-ல 20,000 ரூபாய்க்கு வாங்கி, சில வருஷத்துல 21 லட்சத்துக்கு வித்தார். சொந்தக் கார், வரி வராதுன்னு வாதம். ஆனா அவர் ஆபீஸ் போனது கம்பெனி கார்ல. ஃபோர்டு அவர் வீட்டுல நிக்கவே இல்ல, பராமரிப்புக்குச் செலவு பண்ணதுக்கும் ஆதாரம் இல்ல. ஓட்ட முடியும்கிறது மட்டும் போதாது, நிஜமாவே சொந்த உபயோகத்துல இருந்திருக்கணும்னு தீர்ப்பு. 30 வருஷத்துக்கு மேல இழுத்த கேஸ்!

தம்பி கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு 6 லட்சத்துக்கு விக்கிறார். 2001 ஏப்ரல் 1 அன்னைக்கு வண்டியோட சந்தை மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கலாம். அது 50,000னு வைங்க. மீதி 5.5 லட்சத்துக்கு 12.5% வரி, 4% செஸ். மொத்தம் 71,500 ரூபாய். (தாத்தா கடைக் கணக்குல காருக்குத் தேய்மானம் எழுதியிருந்தா கதையே வேற. பழைய ஃபைலைத் தேடுங்க.)

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் பண்ணாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ்னு பதிவு பண்ணலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல 'விஏ'ன்னு வரும். ஆனா கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, சர்வீஸ் பண்ணன்னு போகலாமே தவிர தினசரி ஓட்டக்கூடாது. ஒரு சட்டம் ஓட்டினியான்னு கேக்குது, இன்னொண்ணு ஓட்டாதேங்குது! அதனால ஓட்டுற எண்ணம் இருந்தா, சாதாரண ஆர்.சி.யையே புதுப்பிக்கிறதுதான் சரின்னு நான் சொல்வேன்.

சும்மா நிறுத்தி வெச்சாலும் செலவுதான். பேட்டரி செத்துடும், ரப்பர் ஹோஸ் வெடிக்கும், டேங்க்ல பெட்ரோல் பிசினா மாறும். ஆரணிப் பக்கத்து ஆளுக்கு இதைச் சொல்லணுமா? உடுத்தாம பீரோவுல வெச்ச பட்டு, மடிப்புலதானே கிழியும். அம்பாசடர் 2014 வரைக்கும் தயாரான வண்டி. விலை எகிறும்னு காத்திருக்கிற அளவுக்கு அபூர்வமும் இல்ல.

என் ஓட்டு, ஓட்டுறதுக்குத்தான். ஆர்.சி.யை முதல்ல வாரிசு பேருக்கு மாத்துங்க, இன்ஷூரன்ஸ் போடுங்க. ஊருக்குப் போகும்போதெல்லாம் திருவண்ணாமலை வரைக்கும் ஒரு ரவுண்டு. பெட்ரோல், சர்வீஸ் பில்லெல்லாம் உங்க பேர்ல வாங்கி, போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. பங்க்ல தர்ற பேப்பர் பில் சில மாசத்துலயே வெளுத்துடும்.