விலைச்சீட்டுக்குப் பின்னால் – 11: சீஸை அடகு பிடிக்கும் வங்கி

போன வாரம் ஈட்டலி என்கிற இத்தாலிய உணவுக் கடையின் வாசலில் நிறுத்தியிருந்தேன். 2007ல் டுரினில் திறந்த முதல் கடை, மூடிக்கிடந்த வெர்மூத் ஆலை, மின்சாதனக் கடைகளை விற்றுவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்த ஒஸ்கார் ஃபரினெட்டி எல்லாம் வந்தாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ட்ரஃபிள் என்கிற மண்ணுக்கடிக் காளான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சீஸ் பகுதியைத் தாண்டினால்தானே!

2010 ஆகஸ்ட் கடைசியில் திறந்த நியூயார்க் கடை, ஐந்தாம் அவென்யூவில் மேடிசன் சதுக்கப் பூங்காவுக்கு எதிரே இருக்கிறது. காப்பி, ரொட்டி, மீன், நின்றுகொண்டே வைன் குடிக்கிற கூட்டம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். வாங்கிய ஆர்ட்டிசோக்கை முள் நீக்கி நறுக்கித் தரவென்றே ஓர் ஆளை நிறுத்தித்தான் கடையைத் திறந்தார்கள். பணக்காரச் சந்தை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மற்றதையெல்லாம் வேகமாகக் கடந்துவிட்டேன். நின்ற இடம் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ்.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு முழுச் சக்கரம். அதை யாரும் அறுப்பதில்லை. கடைக்காரர் முதலில் தோலைச் சுற்றி ஒரு கோடு கீறினார். பிறகு வாதுமை வடிவக் குட்டைக் கத்திகளை அந்தக் கோட்டின் மேல் அங்கங்கே குத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டி உள்ளே இறக்கினார். கொஞ்ச நேரத்தில் சக்கரம் தானாகவே இரண்டாகப் பிளந்தது. உள்ளே பொரபொரவென்று, நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள். அது உப்பு இல்லை. டைரோசின் என்கிற அமினோ அமிலம், சீஸ் முதிர முதிரப் படிகமாகத் திரண்டு நிற்பது. பல்லில் பட்டால் நறநறக்கும்.

என்னோடு வந்திருந்தவர் நண்பன் வெங்கட்டின் அம்மா. நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறார். மாதிரித் துண்டை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, "ஏம்ப்பா, இதுல முட்டை கிட்டை ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"முட்டை இல்லை மாமி. ஆனா பாலைத் திரிக்கறதுக்குக் கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரென்னெட் போடுவா."

மாமி துண்டைத் தட்டில் வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு, "வெங்கட்டு இத்தனை வருஷமா பாஸ்தா மேல தூவித் தூவிப் போடறானே, அது?"

"அது எந்தக் கம்பெனின்னு பார்க்கணும் மாமி. பேர்ல பார்மிஜானோ ரெஜ்ஜானோன்னு இருந்தா இதேதான்."

"அவன்கிட்ட சொல்லாதே" என்றார். சொல்லவில்லை. (வெங்கட், இந்த இதழை நீ வாங்குவதில்லை என்று தெரியும்.)

விலைக்கு வருவோம். சீட்டில் ஒரு பவுண்டு இருபது டாலரைத் தாண்டியிருந்தது. ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால். மாலையில் கறந்ததை இரவெல்லாம் வைத்து ஆடை எடுத்துவிட்டு, காலைப் பாலோடு சேர்த்துத் தாமிரக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். திரிந்த கட்டியை அச்சிலிட்டு, உப்புநீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மரப்பலகையில் அடுக்குகிறார்கள். குறைந்தது 12 மாதம் அங்கே இருந்தாக வேண்டும். அதன் பிறகு ஒருவர் சின்னச் சுத்தியலோடு வந்து சக்கரத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். உள்ளே பொந்தோ வெடிப்போ இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். தேறியதற்குத்தான் சூட்டு முத்திரை. நல்ல சரக்கை 24 மாதமும் அதற்கு மேலும் விட்டுவைக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பாலுக்குக் காசு இப்போதே கொடுத்தாக வேண்டும். சீஸ் காசாக இரண்டு வருஷம். அதுவரை சீஸ் செய்கிறவர் எதை வைத்துப் பிழைப்பார்?

அடகு வைத்துத்தான். இத்தாலியின் எமிலியா பகுதியில் கிரெடிட்டோ எமிலியானோ என்ற வங்கி, 1953லிருந்து பார்மிஜானோ சக்கரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது. இதற்கென்றே குளிர் பராமரிக்கும் கிடங்குகள் வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான சக்கரங்கள் கூரை வரை வரிசை வரிசையாக நிற்கும். கடன் திரும்பாவிட்டால் வங்கி சீஸை விற்றுக் காசாக்கிக்கொள்ளும்.

இந்தச் செய்தியில் இந்த வாரம் முழுக்கக் கிடந்தேன். நம் ஊர் நகைக்கடனை நினைத்துப் பாருங்கள். வளையலை உறையில் போட்டு லாக்கரில் பூட்டினால் வங்கியின் வேலை முடிந்தது. இங்கே அடகுப் பொருளை அவ்வப்போது தூசி தட்டித் துடைக்க வேண்டும், புரட்டிப்போட வேண்டும், வெப்பமும் ஈரமும் பார்க்க வேண்டும். புரட்டித் துடைக்கிற வேலைக்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. வளையல் லாக்கரில் இருந்தால் வளையலாகவே இருக்கும். சக்கரமோ அடகில் இருக்கிற காலத்திலேயே பதமாகி விலை கூடுகிறது. வட்டி ஒரு பக்கம் ஏற, சரக்கும் ஏறுகிறது. கடன்காரனுக்கு இதைவிட நல்ல அடகு எது?

ஆபத்து இல்லாமல் இல்லை. 2012 மே மாதம் எமிலியாவில் பூமி குலுங்கியபோது பல கிடங்குகளில் அலமாரிகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து லட்சக்கணக்கான சக்கரங்கள் தரையில் கிடந்தன. 2019 அக்டோபரில் அமெரிக்கா இந்தச் சீஸ் மேல் கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. காரணம் மாடோ பாலோ இல்லை, ஏர்பஸ் விமானங்களுக்கு ஐரோப்பா கொடுத்த மானியத் தகராறு! 2021ல் அதை நிறுத்திவைத்தார்கள்.

சீஸைச் சொத்தாக நினைத்தது இத்தாலியர்கள் மட்டும் இல்லை. 1666ல் லண்டன் பற்றியெரிந்தபோது நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பெப்பிஸ், வைனோடு சேர்த்துத் தன் பார்மசான் சீஸையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்.

மாமி கடைசியில் ரொட்டியும் தக்காளியும் வாங்கிக்கொண்டார். பில் போடுகிற பெண்ணிடம் ரொட்டியில் முட்டை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

பக்கத்தை முடித்துக்கொடு என்று ஆசிரியர் நேற்றிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். ட்ரஃபிள் அடுத்த வாரம், கண்டிப்பாக. அதைத் தேட இத்தாலியில் 1985லிருந்து பன்றிகளுக்குத் தடை, ஆகவே நாய்களோடு வருகிறேன்.